தோல் ஒன்று, ஓடு ஒன்று

பக்கத்து அறையில் அந்தப் பெண் "நானூத்தி ஒம்பது" என்று சொன்னது காதில் விழுந்ததும் சவரிமுத்துவின் கையிலிருந்த ஊசி அணிலின் கழுத்தோரத்தில் அப்படியே நின்றுவிட்டது. இன்னும் எட்டு. ஒன்றுக்கு நாலு நிமிஷம் எடுத்துக்கொள்கிறாள், அப்படியானால் முப்பத்திரண்டு நிமிஷம், நடுவில் தண்ணீர் குடித்தால், போன் வந்தால், இன்னும் கொஞ்சம். எப்படிப் பார்த்தாலும் பன்னிரண்டு மணிக்குள் நானூற்றுப் பதினேழுக்கு வந்துவிடுவாள். அவர் ஊசியை இழுத்தார். நூல் வந்தது. மலைப்பாதையில் வண்டியில் அடிபட்ட அணில், காலையில் வனக்காவலர் ஒருவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது. தோலை உரித்து, உள்ளே பஞ்சு திணித்து, வயிற்றைத் தைக்க வேண்டும். முப்பது வருஷமாக இந்த ஆய்வு நிலையத்தில் அவர் செய்கிற வேலை அதுதான், கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தானாகச் செய்யும். இன்றைக்குத் தையல் கோணிக்கொண்டு போகிறது. பிரித்துவிட்டு மறுபடி போட்டார். இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது பிளைவுட் தட்டிதான், அந்தப் பக்கம் மூச்சு விட்டாலும் இந்தப் பக்கம் தெரியும். "இருபத்தஞ்சு புள்ளி மூணு" என்றாள் அவள், போனில் பதிவாகிறதாம், பிறகு கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வாளாம். வெர்னியர் அளவுகோலின் தாடைகள் மூடுகிற சத்தம், டக். மறுபடி டக். தஸ்லீமா என்று பெயர், உத்தமபாளையத்துப் பெண், ஆராய்ச்சி மாணவி. நிலையத்தில் இருக்கிற சுண்டெலி மண்டை ஓடுகள் அத்தனையையும் அளந்துகொள்ள அனுமதிக் கடிதத்தோடு நாலு நாளைக்கு முன் வந்தாள். நேற்று ராத்திரிச் சோறுகூட மனைவி ஆரோக்கியமேரி போட்டது போட்டபடியே இருந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, வெயில் என்றார். வெயில் இல்லாத நாள்.

எலி என்றால் ஊருக்கு ஒரே எலிதான். அவருக்கும் அப்படித்தான் இருந்தது, பேராசிரியர் ஞானசிகாமணி அவரைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறவரை. அப்பா திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர், வீட்டுக்குள் நுழைந்தால் சுண்ணாம்பும் கடுக்காயும் நாறும், பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆள் எழுந்துபோய் நிற்பான். அந்தக் கையின் பழக்கம் மகனுக்கும் வந்தது. கிழியாமல் தோல் உரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டு தோல் ஷாப்புக்கே வந்து நின்ற படித்த மனிதர் பேராசிரியர் ஒருத்தர்தான். வந்த முதல் வாரத்திலேயே ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து, சவரி, மயிரைப் பாத்து ஏமாறாதே, நிறத்தைப் பாத்து ஏமாறாதே, பல்லைப் பாரு, ஒரு பிராணி எந்தக் குடும்பம்னு பல்லுதான் சொல்லும் என்றார். சவரிமுத்து அப்படித்தான் பார்க்கக் கற்றுக்கொண்டார். இந்த மலையில் சுண்டெலியிலேயே இரண்டு தினுசு. புல்வெளியில் இருப்பது பழுப்பு, முதுகு மயிர் தட்டையான முள்ளாக இருக்கும், பின்பக்கமாகத் தடவினால் விரலில் குத்தும். மலைமடிப்பில் நெருங்கி வளர்ந்த சோலைக்காட்டுக்குள் இருப்பது கறுப்பு, மயிர் பட்டு மாதிரி. வெளியே இத்தனை வித்தியாசம், உள்ளே மண்டை ஓட்டை எடுத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. பேராசிரியருக்கு அதில்தான் ஆறவே இல்லை. சோலைக்குள் வேறு ஒன்று இருக்கிறது, இருந்தே ஆக வேண்டும், மேகத்துக்குள் தனியாகக் கிடக்கிற காடு தனக்கென்று ஓர் உயிரை வைத்திருக்காமல் இருக்குமா என்பார். சவரிமுத்து வருவதற்கு வெகு முன்னாலிருந்தே, பதினெட்டு வருஷம் சொன்னார். பொறிகளை வைத்து வைத்து எடுத்தார். ஆகஸ்ட் மாதம் தொண்ணூற்றாறில், விடாமல் மழை பெய்த வாரத்தில், ஒரே காலையில் இரண்டு எலிகள். சோலைக்குள் வைத்த பொறியில் ஒரு கறுப்பு. வெளியே புல்சரிவில் வைத்ததில் ஒரு பழுப்பு. நானூற்றுப் பதினேழு. நானூற்றுப் பதினெட்டு.

"நானூத்திப் பதினொண்ணு." டக். பத்து எப்போது போனது? கவனிக்கவில்லை. ஆறுதான் பாக்கி. அன்றைக்கு வண்டுப் பெட்டியில் இடது பக்கம் பெரிய ஓடு, வலது பக்கம் சின்ன ஓடு. இல்லை, பெட்டியை நான் திருப்பி வைத்தேன், ஜன்னல் வெளிச்சத்துக்காகத் திருப்பினேன், அப்படியானால் வலதுதான் இடது. தோலை உரித்துவிட்டால் தலையை வண்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும், சதை தின்கிற சின்ன வண்டுகள், பத்து நாளில் எலும்பைப் பால் போலச் சுத்தம் செய்து தரும். ஒவ்வொரு தலையிலும் நம்பர் எழுதிய சீட்டை நூலில் கோத்துக் கட்டிவிடுவது வழக்கம். வண்டு தொடாத தடிச் சீட்டு வேண்டும். அந்த வாரம் அது தீர்ந்துவிட்டது, மழையில் மலைப்பாதை சரிந்து எதுவும் மேலே வரவில்லை, அவர் நோட்டு அட்டையைக் கத்தரித்துப் பென்சிலில் எழுதிக் கட்டினார். பத்தாம் நாள் மூடியைத் திறந்தால் இரண்டு ஓடுகள், வெள்ளை வெளேரென்று. நூல் இல்லை. அட்டை இல்லை. மூலையில் பொடிப்பொடியாகக் கொஞ்சம் தூள். ஒன்று பெரியது, நீளம் இருபத்தேழு புள்ளி எட்டு மில்லிமீட்டர், மேல் கடைவாய்ப்பல்லில் முன்பக்கமாக ஒரு சின்ன மேடு, இதுவரை எந்தச் சுண்டெலியிலும் பார்க்காத மேடு. மற்றது சாதாரணம். வைக்கும்போது கறுப்பின் தலையை எந்தப் பக்கம் வைத்தோம்? கை எந்தப் பக்கம் போனது? முதலில் உரித்தது கறுப்பு. முதலில் உரித்ததை உள்பக்கமாகத்தானே வைப்போம். எப்போதும் அப்படித்தானா? வண்டு தின்னும்போது ஓடு உருளாதா? அத்தனை சின்னது, ஒரு பட்டாணி கனம்கூட இல்லாதது, ஆயிரம் வண்டு மேலே ஏறினால் உருளாமல் என்ன செய்யும். இடது, வலது. இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பெட்டியை எத்தனை தடவை திறந்திருப்பார்! மனதுக்குள், கோயிலில் பூசை நேரத்தில், மகள் செலினின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, பஸ் கண்ணாடியில் சாய்ந்துகொண்டு. திறப்பார், இரண்டும் வெள்ளையாகக் கிடக்கும், மூடிவிடுவார். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் மூடுவார். அதற்குப் பிறகு நடந்தது ஒன்று இருக்கிறது, அதற்கு மனம் போகாது, வண்டிமாடு பழக்கமான திருப்பத்தில் தானாகத் திரும்புகிற மாதிரி, இடதா வலதா என்பதற்கே திரும்பிவிடும்.

"நானூத்திப் பதிமூணு." தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறாள், குடிக்கிறாள், மூடுகிறாள். அணிலின் வயிறு தைத்தாகிவிட்டது. பஞ்சு ஒரு பக்கம் புடைத்திருக்கிறது, விரலால் அழுத்திச் சமன் செய்தார், உள்ளங்கை வேர்த்து மயிரில் ஒட்டியது. பெரிய ஓட்டைக் கறுப்புத் தோலோடு சேர்த்து நானூற்றுப் பதினேழு என்று எலும்பிலேயே மையால் எழுதி அவர் கொண்டுபோய் வைத்தபோது பேராசிரியர் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது. புது இனம். அடுத்த வருஷமே வெளிநாட்டுப் பத்திரிகையில் பதினாலு பக்கம், படத்தோடு. தோல் இப்படி, பல் இப்படி, சோலைக்குள் மட்டும் வாழ்கிறது, இந்தச் சுண்டெலிகளின் கிளையில் இது தனி. பெயரைத்தான் கடைசியாகக் காட்டினார். சாய்ந்த எழுத்தில் இரண்டு வார்த்தை. இரண்டாவது வார்த்தையைக் கூட்டிப் படித்தபோது அது சவரிமுத்து, வாலில் மட்டும் ஆங்கில எழுத்து 'ஐ' சேர்த்திருந்தது. ஆள் பெயரை வைத்தால் அப்படித்தான் எழுதுவார்களாம், லத்தீன் முறையாம். உலகம் இருக்கிறவரை இது அழியாது சவரி என்றார். சவரிமுத்து அன்றைக்கு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னார். அப்பா கட்டிலில் கிடந்தார், நெஞ்சு முழுக்கச் சளி. எலிக்கா, என் தகப்பன் பேரையா என்று கேட்டார். தாத்தா பெயர்தான் சவரிமுத்துவுக்கு. கிழவர் சளியைத் துப்பிவிட்டு, பஸ்ஸுல எந்திரிச்சுப் போவானுங்களே, அவனுங்க பேரு எதுக்காச்சும் இருக்கா என்று கேட்டார். அந்தச் சந்தோஷத்தை வேறெப்போதும் அவர் முகத்தில் பார்த்ததில்லை. பிறகு செலின் பள்ளியில் சொல்லிவிட்டு எலி மகள் என்று பட்டம் வாங்கிவந்து அழுதாள். பெரியவளான பிறகு அந்தப் பக்கத்தை நகலெடுத்துச் சட்டம் போட்டுத் தன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். ஒரு தோலும் ஓர் ஓடும் இரண்டு வெவ்வேறு பிராணிகளுடையது என்றால் அப்படி ஒரு பிராணியே இல்லை. உடம்பு ஒன்றும் தலை ஒன்றுமாக ஒட்டவைத்த பொய். அதன் மேல் அப்பாவின் அப்பா பெயர். பேராசிரியர் போய் ஆறு வருஷமாகிறது. அவர் சமாதிக் கல்லில்கூட சோலைச் சுண்டெலியைக் கண்டறிந்தவர் என்றுதான் வெட்டியிருக்கிறார்கள்.

பதினாலு. பதினைந்து. இப்போது அவள் வேகமாக அளக்கிறாளா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? டக், டக். தெரிந்துவிடுமா? ஓட்டைப் பார்த்தால் எப்படித் தெரியும், ஓட்டில் ஒரு குறையும் இல்லை, இரண்டும் நல்ல ஓடுகள். தோலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்? மூக்கின் நீளம் பொருந்துகிறதா என்று பார்த்தால்? பஞ்சு திணித்த தோலின் மூக்கு, உரித்தவன் கையில் இருக்கிறது நீளமும் குட்டையும், நான்தான் பிறகு ஈரம் கொடுத்துப் பிரித்துக் கொஞ்சம் இழுத்துவிட்டுத் தைத்தேனே. இழுத்துவிட்டேனா? எதற்காக இழுத்தேன்? வேண்டாம். காது கேட்கிறது, கை வேலை செய்கிறது, அவ்வளவு போதும். அணிலின் வாலுக்குள் கம்பியைச் செலுத்தினார். கம்பி நுனி பக்கவாட்டில் குத்திக்கொண்டு வெளியே வந்தது. இப்படி வாலைக் கிழித்து இருபது வருஷம் இருக்கும். "நானூத்திப் பதினாறு." பூதக்கண்ணாடியை மேசையில் வைக்கிறாள். விளக்கை நகர்த்துகிறாள், இழுவை கேட்கிறது. எழுந்து வெளியே போய்விடலாமா, டீ குடிக்கிற நேரம்தான், யாரும் ஒன்றும் நினைக்கப்போவதில்லை. எழுந்திருக்கவில்லை. "நானூத்திப் பதினேழு" என்றாள். பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. வெர்னியர் சத்தமும் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. ஒரு நிமிஷமா, இரண்டா, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க அவர் தலையைத் திருப்பவில்லை. "இருபத்தேழு புள்ளி எட்டு" என்ற குரல் வந்தது. ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டே போனாள், அகலம், பல்வரிசை, கண்குழி. ஒவ்வொன்றும் அவருக்குப் பத்திரிகையில் வந்தபடியே மனப்பாடம். ஒன்றும் மாறவில்லை. "நானூத்திப் பதினெட்டு." இருபத்தைந்து புள்ளி ஒன்று. நானூற்றுப் பத்தொன்பது. தாண்டிப் போய்விட்டாள். அவர் அணிலின் வாலிலிருந்து கம்பியை உருவி எடுத்தார். தாண்டிப் போய்விட்டாள், அவ்வளவுதான், முடிந்தது. ஆனால் கம்பியை மறுபடி செலுத்தியபோது கிழிசல் இன்னும் நீண்டது.

ஒரு மணிக்கு அவள் தட்டியைத் தாண்டி வந்து அவருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். பேராசிரியர் எழுதினதற்கும் தான் அளந்ததற்கும் நூல் பிசகவில்லை, இவ்வளவு சுத்தமான ஓடுகளை வேறெங்கும் பார்க்கவில்லை, எல்லாம் உங்கள் கை என்றும் சொன்னாள். அவர் தலையாட்டினார். அவள் களைத்துப் போயிருந்தாள். மூன்று வருஷமாகச் சோலைக்குள்ளேயே பொறி வைக்கிறாளாம். கறுப்புச் சுண்டெலி ஐம்பத்திரண்டு அகப்பட்டதாம், ஒவ்வொன்றையும் வாயைத் திறந்து பல் பார்த்து விட்டுவிட்டாளாம், ஒன்றில்கூட அந்த மேடு இல்லையாம். பேராசிரியர் பிடித்தது இன்னும் உள்ளே, ஆள் போகாத ஆழத்தில் எங்கேயோ இருக்கிறது போல என்றாள். உதவித்தொகை முடிகிறது, வீட்டில் கல்யாணத்துக்கு நெருக்குகிறார்கள், இன்னும் ஒரே ஒரு வருஷம் கேட்டு வாங்கியிருக்கிறாள், இந்தத் தடவை மேற்குச் சோலைக்குள் இறங்கப்போகிறாள். கால்மேல் கால் போட்டபோது பேன்ட் மேலேறியது. கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த வடு, ஆறியதன் மேல் ஆறாதது, சொறிந்து கறுத்துப்போன வடு. அவர் அதைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு கறுப்பிலும் இல்லை. அப்படியானால் மேடு கறுப்பினுடையது இல்லை. அது பழுப்பினுடையது. முள்மயிரோடு புல்வெளியில் ஓடுகிற எலியை யார் பிடித்து வாயைத் திறந்து பார்க்கப்போகிறார்கள், அது சாதாரணம் என்றுதான் பதினாலு பக்கத்தில் எழுதிவைத்தாகிவிட்டதே. தேடுகிற இடமே தப்பு. இத்தனை வருஷமாகச் சோலைக்குப் பாதுகாப்பென்று வேலி போட்டார்கள், புல்சரிவுக்கு யாரும் போடவில்லை, அதில் தோல் பதனிடப் பட்டை உரிக்கிற சீகை மரம் வைத்தார்கள், உருளைக்கிழங்கு போட்டார்கள், தங்கும் விடுதி கட்டினார்கள். பெட்டியை மனம் மறுபடி திறந்தது. இரண்டு ஓடுகள், வெள்ளையாக. இந்தத் தடவை அது மூடவில்லை. இடதா வலதா என்று அன்றைக்கு அவர் பார்க்கவே இல்லை. தூளைப் பார்த்த மறு கணமே, யோசிக்காமல், கை நேராகப் பெரிய ஓட்டுக்குத்தான் போனது. அன்று காலையில் பேராசிரியர் சட்டை நனைய வாசலில் நின்றுகொண்டு, கறுப்புத்தான் சவரி, கறுப்புல மட்டும் ஏதாவது இருந்துட்டா நான் நிம்மதியாச் செத்துப்போவேன் என்று சொல்லியிருந்தார். மறதி இல்லை. குழப்பம் இல்லை. அவர் சந்தோஷப்படட்டும் என்று கொடுத்தது.

"சோலைக்குள்ள தேடாதீங்கம்மா" என்றார்.

அவள் சிரித்தாள், ஏன், அட்டைக்குப் பயந்துகொண்டா என்று கேட்டாள். அவர் அணிலை மேசையில் வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். சீட்டு தீர்ந்ததையும், நோட்டு அட்டையையும், மூலையில் கிடந்த தூளையும் சொன்னார். அவள் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை, நிமிர்ந்து பார்த்தபோது நின்றிருந்தது. அப்போ ஞாபகம் இல்லாமல் மாற்றி வைத்துவிட்டீர்களா என்று கேட்டாள், ரொம்ப மெதுவாக, அவருக்கு இறங்கிப்போக ஒரு படி போட்டுக்கொடுக்கிற மாதிரி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தோடு போயிற்று.

"ஞாபகம் இல்லாம இல்லம்மா. எது எதோடதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியாது. பெருசைக் கறுப்புக்குக் கொடுத்தா சார் சந்தோஷப்படுவார்னு தெரியும். அதனால கொடுத்தேன். அப்புறம் எம் பேரை வச்சார். பேரை வச்சதுக்கப்புறம் சொல்ல வாய் வரல."

"மூணு வருஷம் சார்" என்றாள் தஸ்லீமா. எழுந்து வராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகு மட்டும் தெரிந்தது. அழுகிறாளா, கோபத்தில் நிற்கிறாளா, அவர் எழுந்து போகவில்லை, போவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. வெளியே லாரி ஒன்று கியர் மாற்றி ஏறிப்போனது. அவள் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். அந்தப் பழுப்பு எலியைப் பிடித்த சரிவில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டாள். முக்கால்வாசி விடுதி வந்துவிட்டது, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு புல் மிச்சம் இருக்கிறது, போன பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன் என்றார். நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வந்து காட்ட வேண்டும் என்றாள். வருகிறேன் என்றார். உங்கள் பெயர் நிற்குமா போகுமா என்று எனக்குத் தெரியாது, ஓடு எந்தப் பிராணியுடையதோ அதோடு போகலாம், மொத்தமாகவும் போகலாம், பெயருக்கென்று சட்டம் இருக்கிறது, அதைப் பார்க்கிறவர்கள் வேறு என்றாள். அவள் பக்கத்து அறையிலிருந்து அந்த இரண்டு எலிகளின் பெட்டியையும் பையிலிருந்து நாலு சின்னக் குப்பிகளையும் எடுத்து வைத்தாள். தோல் இரண்டிலிருந்தும் ஒரு விரல் நுனி, ஓடு இரண்டிலிருந்தும் மூக்குக்குள் ஓர் எலும்புச் சிம்பு, அது போதுமாம், மரபணுவைப் பார்த்து எது எதோடு சேரும் என்று மூன்று மாதத்தில் சொல்லிவிடுவார்களாம். கத்தரியை எடுத்தாள், முதல் ஓட்டின் பக்கத்தில் கொண்டுபோனாள், உடைந்துவிடுமோ என்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவர் கையை நீட்டினார். அவள் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கத்தரியைக் கொடுத்தாள்.

ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொரு குப்பிக்குள் போட்டார், எதுவும் உடையவில்லை. சீட்டு எழுத அவர் பேனாவைத் தேடியபோது, வேண்டாம் நான் எழுதுகிறேன் என்றாள். நாலையும் அவளே எழுதி, அவளே ஒட்டி, வரிசையாக நிறுத்தினாள். வாசிங்க என்றாள்.

"நானூத்திப் பதினேழு, தோல். நானூத்திப் பதினேழு, ஓடு. நானூத்திப் பதினெட்டு, தோல். நானூத்திப் பதினெட்டு, ஓடு."

அவள் குப்பிகளையும் பெட்டியிலிருந்த தோல்களையும் ஓடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை வாசிங்க" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து வாசித்தார்.